பாறை சரிந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? சுரங்கப் பாதுகாப்பும் நிறுவனத் தலைமையின் சட்டப் பொறுப்பும்

2022ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி இரவு, திருநெல்வேலி முன்னீர்பள்ளத்தை அடுத்த அடைமிதிப்பான்குளத்தில், ஏறத்தாழ 300 அடி ஆழமுள்ள கல்குவாரிக்குள் பெரும்பாறை சரிந்து விழுந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து பல நாட்கள் போராடிய பிறகு தெரிந்த கணக்கு இது: நான்கு பேர் இறந்தார்கள், இருவர் உயிர் பிழைத்தார்கள். குவாரி நடத்தியவர்கள் மங்களூரில் கைது செய்யப்பட்டார்கள். மாவட்டத்தின் மற்ற குவாரிகளிலும் அதிகாரிகள் இறங்கி ஆய்வு செய்தார்கள். இத்தகைய விபத்து நடந்ததும், வெடி வைத்தவர் யார், ஹிட்டாச்சி ஓட்டியவர் யார், அன்றைக்கு மேஸ்திரி யார் என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். அந்தக் கேள்விகள் தேவையானவைதான். ஆனால் குழியை எவ்வளவு ஆழம், எந்த வேகத்தில், எவ்வளவு செலவில் தோண்டுவது என்று தீர்மானித்தவரை அவை தொடுவதில்லை. அந்த மனிதரைச் சட்டம் எப்படித் தேடுகிறது, எங்கே பிடிக்கிறது, எங்கே தவற விடுகிறது என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. பூமிக்கு அடியில் நிலக்கரி வெட்டும் இடத்துக்கு மட்டும்தான் சுரங்கச் சட்டம் பொருந்தும் என்று பலர் எண்ணுகிறார்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின்படி, தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடமும் சுரங்கம்தான். ராதாபுரம் வட்டாரத்தில் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பாறை உடைக்கும் குவாரியும் சுரங்கம்தான். கட்டடக்கல், சரளை போன்றவற்றை எடுக்கும் சிறு குழிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் குழியின் ஆழம் எந்த இடத்திலும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, எந்த ஒரு நாளிலும் 50 பேருக்கு மேல் வேலையில் இருக்கக் கூடாது, வெடிமருந்து பயன்படுத்தக் கூடாது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் விலக்கு போய்விடும். வெடிச் சத்தத்துக்கு வீட்டுச் சுவர் அதிரும் ஊர்களில் இருப்பவர்களுக்கு, தங்கள் ஊர்க் குவாரி எந்தப் பக்கம் வரும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதனால் ஒரு முக்கியமான விளைவு உண்டு. குத்தகை கொடுப்பது, கனிமத்துக்குரிய கட்டணம் வசூலிப்பது, லாரிக்கு நடைச்சீட்டு கொடுப்பது ஆகியவை மாநிலக் கனிமவளத் துறையின் வேலை. குழிக்குள் இறங்குபவரின் உயிர்ப் பாதுகாப்பு, மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் பொறுப்பு. அதன் தலைமையகம் ஜார்க்கண்டின் தன்பாத்தில் இருக்கிறது. 1902இல் தொடங்கிய அமைப்பு அது. நம் பக்கத்தில் குவாரி பற்றிய மனுக்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமே கொடுக்கப்படுகின்றன. அவற்றின் ஒரு நகல் இந்த இயக்ககத்தின் சென்னை அலுவலகத்துக்கும் போக வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூன்று பொறுப்பாளர்களை வகுத்தது. குத்தகையைக் கையில் வைத்து லாபம் பெறுபவர் உரிமையாளர். அவர் சார்பில் சுரங்க நிர்வாகத்தில் பங்கெடுப்பவர் முகவர். அன்றாட வேலையை நடத்துபவர் உரிய தகுதிச் சான்று பெற்ற மேலாளர். இவர்களுக்குக் கீழே ஃபோர்மேன், தொழிலாளர் குழுவை மேற்பார்க்கும் மேட், வெடி வைப்பவர் என்று சான்று பெற்ற பணியாளர்கள் வருகிறார்கள். இந்த அடுக்கில் கடைசியில் இருப்பவர் விதியை மீறினாலும், மேற்பார்வையாளர், மேலாளர், முகவர், உரிமையாளர் ஆகியோரும் குற்றம் செய்தவர்களாகவே கருதப்படுவார்கள் என்று 18ஆம் பிரிவு சொன்னது. விதியை நடைமுறைப்படுத்த உரிய கவனம் எடுத்ததையும், மீறலைத் தடுக்க நியாயமான ஏற்பாடுகள் செய்ததையும் நிரூபித்தால் மட்டுமே அவர்கள் தப்ப முடிந்தது. வழக்கமான குற்ற வழக்கில் குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புடையது. இங்கே விதிமீறல் நடந்தது என்பது நிலைநாட்டப்பட்டதும், தான் என்ன செய்தேன் என்று காட்டும் சுமை மேலே இருப்பவரிடம் வந்துவிடுகிறது.

அதே பிரிவின் 6ஆம் உட்பிரிவை நான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி என்றே கருதுகிறேன். தகுதியுள்ள மேலாளரையும் மற்ற அலுவலர்களையும் சட்டப்படி நியமித்துவிட்டேன் என்று சொல்வது உரிமையாளருக்கோ முகவருக்கோ எதிர்வாதம் ஆகாது என்று அது தெளிவாகக் கூறியது. மேனேஜரைப் போட்டாகிவிட்டது, இனி எல்லாம் அவர் பாடு என்று முதலாளி கையை உதறிவிட முடியாது.

பொறுப்பு ஏன் மேல் நோக்கிப் போக வேண்டும் என்பதற்கு, குவாரியின் சுவரையே பார்க்கலாம். திறந்தவெளிச் சுரங்கத்தின் பக்கங்களைத் தெப்பக்குளத்துப் படிகளைப் போல அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டுதான் கீழே இறங்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின் 106ஆம் விதி. குவாரிக்காரர்கள் இதை 'பெஞ்ச்' என்பார்கள். ஒரு பெஞ்சின் உயரம் பொதுவாக 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதன் அகலம் உயரத்தைவிடக் குறையக் கூடாது. மேலிருந்து கல் பெயர்ந்தால் அது அடுத்த பெஞ்சில் தங்கிவிடும், அடித்தளத்தில் வேலை செய்பவர் தலையில் விழாது என்பதே இதன் நோக்கம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 120 மீட்டர் அகலமுள்ள குத்தகை நிலத்தில் 60 மீட்டர் ஆழம் போக வேண்டுமானால், 6 மீட்டர் உயரத்தில் பத்துச் சுவர்களும் அவற்றுக்கு இடையே 6 மீட்டர் அகலத்தில் ஒன்பது திட்டுகளும் விட வேண்டும். ஒரு பக்கத்துக்கு 54 மீட்டர், இரு பக்கமும் சேர்த்து 108 மீட்டர் இதற்கே போய்விடும். அடியில் மிஞ்சுவது 12 மீட்டர். பெஞ்ச் விடாமல் செங்குத்தாக வெட்டினால், அதே நிலத்தில் அடிவரை 120 மீட்டர் அகலத்துக்கும் பாறை கிடைக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பாறை முழுவதும் பணம். அந்தப் பணத்தை விட்டுக்கொடுப்பதா, எடுத்துக்கொள்வதா என்ற முடிவை ஹிட்டாச்சி ஓட்டுபவர் எடுப்பதில்லை. சம்பளத்துக்கு வந்த மேலாளரும் தனியாக எடுப்பதில்லை. செங்குத்துச் சுவர் ஒரே இரவில் எழுவதும் இல்லை. மாதக் கணக்கில், ஒவ்வொரு லோடாக, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியே அது இறங்குகிறது. ஆகவேதான் இது தற்செயல் என்ற சொல்லுக்குள் அடங்காது.

உரிமையாளர் தனி மனிதராக இருந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. கம்பெனியாக இருந்தால்? கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாது. இதற்குச் சட்டத்தின் 76ஆம் பிரிவு விடை சொன்னது. கூட்டு நிறுவனமானால் கூட்டாளிகள், கம்பெனியானால் இயக்குநர்கள், எல்லோர் மீதுமோ அவர்களில் எவர் மீதுமோ வழக்குத் தொடரலாம். இந்த விடை உறுதிப்பட்டதற்குப் பின்னால் 52 உயிர்கள் இருக்கின்றன. 1955 பிப்ரவரி 5ஆம் தேதி, தன்பாத் நிலக்கரிப் பகுதியின் அம்லாபாத் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிவிபத்தில் 52 பேர் இறந்தார்கள். இயக்குநர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டபோது, அன்றைய சட்டத்தில் இயக்குநர்களில் 'எவர் ஒருவரும்' என்றுதான் இருக்கிறது, ஆகையால் ஒருவர் மீதுதான் வழக்குப் போட முடியும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 1961இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழிலாளர் பாதுகாப்புக்காகவே இயற்றப்பட்ட சட்டத்தில், ஒவ்வோர் இயக்குநரும் பொறுப்பாவார் என்று கொள்வதே அதன் நோக்கத்துக்குப் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஒருவரைப் பிடித்தால் மற்றவர்கள் தப்பிக்கலாம் என்ற நிலை இருந்தால், இயக்குநர் குழுவில் யாருமே பாதுகாப்பைத் தம் வேலையாக நினைக்க மாட்டார்கள். அந்தத் தீர்ப்பின் நியாயம் இன்றும் மங்கவில்லை.

ஆனால் அதே 76ஆம் பிரிவில் ஒரு வாசலும் இருந்தது. ஓர் இயக்குநரையோ மேலாளரையோ நியமித்து, உரிமையாளரின் பொறுப்பை இவர் ஏற்கிறார் என்று தலைமை ஆய்வாளருக்கு (சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் தலைவருக்கு) கம்பெனி எழுத்து மூலம் தெரிவித்தால், அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். பெயருக்கு ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, அவர் உண்மையிலேயே நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவராகவோ மிக அதிகப் பங்குகள் உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. தொழிற்சாலைகள் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தது. போபால் விபத்துக்குப் பின் 1987இல் அது திருத்தப்பட்டபோது, கம்பெனித் தொழிற்சாலைக்குப் பொறுப்பாளராக இயக்குநர் ஒருவரே இருக்க வேண்டும், சம்பள அதிகாரியைக் காட்ட முடியாது என்று ஆக்கப்பட்டது. 1996இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆலைக்கு ஒரு நீதி, குவாரிக்கு ஒரு நீதி என்பதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

சுரங்கச் சட்டத்தைத் தவிர, பொதுக் குற்றவியல் சட்டமும் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியது. விபத்து நடந்ததும் உள்ளூர்க் காவல் நிலையம் பதியும் வழக்கு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. இதில் மேலே உள்ளவரை அடைவது கடினம். ஒருவர் கம்பெனியின் தலைவராகவோ இயக்குநராகவோ இருக்கிறார் என்பதற்காக மட்டும் அவர் மீது குற்றம் சுமத்த முடியாது. அவருடைய நேரடிப் பங்குக்கு ஆதாரம் வேண்டும், அல்லது அவரைப் பொறுப்பாக்கும் விதி அந்தச் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று 2015இல் சுனில் பாரதி மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தனி மனிதரின் உரிமைக்கு இந்தப் பாதுகாப்பு தேவை. ஆனால் காவல் நிலைய வழக்கை மட்டும் நம்பியிருந்தால் பொறுப்பு மேலாளரோடு நின்றுவிடும். சுரங்கச் சட்டத்தின்படியான வழக்கும் சேர்ந்து நடந்தால்தான், இயக்குநரைப் பொறுப்பாக்கும் விதி துணைக்கு வரும்.

நேரடிப் பங்குக்கு ஆதாரம் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த வழக்கு நல்ல பாடம். 2010 ஏப்ரல் 5 அன்று அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். சுரங்கத்தை நடத்திய மாஸ்ஸி எனர்ஜி கம்பெனியின் தலைமை நிர்வாகி டான் பிளாங்கன்ஷிப், சுரங்கத்துக்குள் கால் வைத்து எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் நிலக்கரி எவ்வளவு வெட்டப்பட்டது என்ற அறிக்கை அரை மணிக்கு ஒரு முறை அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நுணுக்கமாக உற்பத்தியைக் கவனித்தவருக்கு, அதே சுரங்கத்தில் குவிந்த பாதுகாப்பு மீறல் அறிவிப்புகள் மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்பதே அரசுத் தரப்பின் வாதம். பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறச் சதி செய்தார் என்ற குற்றம் 2015 டிசம்பரில் உறுதியானது. ஓராண்டு சிறையும் 2,50,000 டாலர் அபராதமும் கிடைத்தன. அதைவிடக் கடுமையான மற்றக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். 29 உயிர்களுக்கு ஓராண்டு என்பது சிறிய தண்டனைதான். எனினும் இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஆதாரத்தின் தன்மை. மின்னஞ்சல், உற்பத்தி அறிக்கை, செலவு மறுக்கப்பட்ட குறிப்பு ஆகிய காகிதங்களே மேலிடத்தின் மனதைக் காட்டுகின்றன.

நம் குவாரிகளுக்கும் இது பொருந்தும். ஒரு நாளில் எத்தனை டிப்பர் வெளியேறியது என்பதற்கு நடைச்சீட்டு இருக்கிறது. வெடிமருந்து எவ்வளவு வாங்கி எவ்வளவு பயன்படுத்தப்பட்டது என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. ஆய்வாளர் சுட்டிய குறைகளுக்குக் கடிதம் இருக்கிறது. பெஞ்ச் அகலத்தைச் சரிசெய் என்று கடிதம் வந்த மாதத்துக்குப் பிறகும் நடைச்சீட்டு எண்ணிக்கை குறையாமல் ஓடியிருந்தால், அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு வேறு சாட்சி அதிகம் தேவைப்படாது.

பணம் கொடுத்து வழக்கை முடிக்கும் பழக்கத்தையும் இங்கே பேச வேண்டும். நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 அன்று 29 பேர் இறந்தார்கள். கம்பெனியின் தலைமை நிர்வாகி மீதான குற்றச்சாட்டுகள், குடும்பங்களுக்குத் தொகை கொடுக்கும் ஏற்பாட்டோடு 2013இல் கைவிடப்பட்டன. குடும்பத்தினர் விடவில்லை. அவர்கள் தொடர்ந்த வழக்கில், பணத்துக்கு ஈடாக வழக்கைக் கைவிட்டது சட்டவிரோதமான பேரம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. கனடாவில் 1992இல் வெஸ்ட்ரே சுரங்கத்தில் 26 பேர் இறந்ததற்கு மேலிடத்தில் எவரும் தண்டிக்கப்படாததால், நிறுவனங்களைக் குற்றவியல் பொறுப்புக்குள் கொண்டுவரும் சட்டத் திருத்தம் 2004இல் நடைமுறைக்கு வந்தது.

நம் சட்டத்தின் எழுத்து பல இடங்களில் இந்த நாடுகளின் சட்டத்துக்குச் சளைத்ததல்ல. நழுவியது தண்டனையிலும் நடைமுறையிலும்தான். மரணம் விளைவித்த மீறலுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72-சி பிரிவு விதித்தது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'அல்லது' என்று இருப்பதால், ஒரு உயிருக்கு 5,000 ரூபாய்க்குள்ளேயே வழக்கு முடிந்துவிட இடம் இருந்தது. மேலும், உரிமையாளர், முகவர், மேலாளர் மீது இச்சட்டப்படி வழக்குத் தொடர்வது தலைமை ஆய்வாளர், மாவட்ட நடுவர் நிலையிலுள்ள ஆட்சியர், அதிகாரம் பெற்ற ஆய்வாளர் ஆகியோரில் ஒருவர் முனைந்தால்தான் முடிந்தது. இறந்தவரின் மனைவி நேராக நீதிமன்றம் போக வழி இருக்கவில்லை. அதற்கும் ஆய்வாளருக்குத் தெரியவந்ததிலிருந்து ஆறு மாதம் என்ற பொதுவான காலவரம்பு இருந்தது. குத்தகை ஒருவர் பெயரில், வேலை இன்னொரு காண்ட்ராக்டர் கையில், ஆட்கள் மூன்றாமவர் மூலம் என்று இருக்கும் இடத்தில் அந்த ஆறு மாதம், யார் யாருக்கு முதலாளி என்று தேடுவதிலேயே கரைந்துவிடும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், சுரங்கச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. முந்தைய காலத்து விபத்துகள் பழைய சட்டத்தின்படியே பார்க்கப்படும் என்பதால்தான் மேலே அதை விரிவாகச் சொன்னேன். புதிய சட்டத்தில் கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் குறைந்தது பாதியை இறந்தவரின் வாரிசுகளுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தில் உண்டு. குவாரி வேலைக்கு இது சிறிய செய்தியல்ல. இந்த ஆள் எங்கள் ஆளே இல்லை என்று மறுக்கும் வழி அந்த ஒரு தாளில் அடைபடுகிறது. அபராதம் கூடியது நல்லதே. ஆனால் சிறையை அபராதத்தால் மாற்றிக்கொள்ளும் வழி அப்படியே இருப்பதும், பெரிய நிறுவனத்துக்கு 5 லட்சம் சில நாள் லோடுக் காசு என்பதும் எனக்கு ஏற்க முடியாதவை.

இவ்வளவும் சொல்லும்போது, ஒழுங்காகத் தொழில் நடத்துபவர் அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உரிய கவனம் என்ற எதிர்வாதம் அவர்களுக்காகவே இருக்கிறது. பெஞ்ச் போடப் பணம் ஒதுக்கியவர், மழைக்காலத்தில் சுவரில் விரிசல் தெரிந்ததும் உற்பத்தி இழப்பைப் பார்க்காமல் வேலையை நிறுத்தச் சொன்னவர், பாதுகாப்புக் குறையை எழுதிய மேலாளரை மாற்றாமல் வைத்திருந்தவர், இவற்றுக்கெல்லாம் எழுத்து ஆதாரம் வைத்திருப்பார். அதைக் காட்டினால் சட்டம் அவரை விட்டுவிடும்.

விபத்தில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பம் முதல் சில நாட்களில் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. மரணத்துக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறையிலுள்ள உரிய ஆணையரிடம் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகக் கருதப்படாது என்பது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு, இன்றைய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே பிணவறை வாசலில் நீட்டப்படும் உறையை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உரிமை போய்விடாது. வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. இழப்பீடு பெற்றதால் குற்ற வழக்கு முடிந்துவிடுவதும் இல்லை. காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கும்போது, மேஸ்திரி, மேலாளர் பெயர்களோடு நின்றுவிடாமல், குத்தகைதாரர் யார், கூலி கொடுத்தது யார், வேலையை வேகப்படுத்தச் சொன்னது யார் என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். அதே விவரங்களை ஆட்சியருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் சென்னை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அந்த வாரத்திலேயே அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அந்தக் குவாரிக்கு உரிமையாளர், முகவர், மேலாளர் என்று இயக்ககத்துக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கும் பெயர்கள் எவை, அதற்கு முந்தைய ஆய்வுகளில் சுட்டப்பட்ட குறைகள் எவை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவையும் கூடவே போட்டுவிடலாம்.